தனி ஒம்பது

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இலாகாவில் புதிதாகச் சேர்ந்தவர்கள். பழைய டெலிபோன் இணைப்புப் பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள். அதற்கு முன் அதைத் தொட்டதில்லை. "சார், நீங்க அந்தக் காலத்துல நம்பரே சொல்ல மாட்டீங்களாமே? ஆளு பேரைச் சொல்லியே கனெக்‌ஷன் குடுப்பீங்களாமே? எண்பது பேரும் மனப்பாடமாமே? முனிரத்தினம் சார் சொன்னாரு" என்று மாறிமாறிக் கேட்டார்கள். அந்த ஞாபக சக்தியைப் பற்றித்தான் எழுத வேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் அது ஞாபக சக்தி இல்லை, பயம். எண்பது பேரும் இல்லை, எட்டே எட்டுப் பேர். ஒன்பது, பத்தொன்பது, இருபத்தொன்பது என்று எழுபத்தொன்பது வரை எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு வரும். அந்த எட்டு எண்களை வாயால் சொல்லாமல் இருப்பதற்காக நான் படித்த படிப்பு, எஸ்.எஸ்.எல்.சி.க்குக்கூடப் படித்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். படாளத்துக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். முதல் ஆளாகப் பள்ளி இறுதி வரை படித்தவன் என்பதால் எனக்குத் தலைகால் புரியாத அவசரம். எதையும் உடனே கற்றுவிட வேண்டும், உடனே பரீட்சை எழுதிவிட வேண்டும். சென்னையில் மூன்று மாதப் பயிற்சி. அதில் இங்கே சொல்லத் தக்கது ஒன்றே ஒன்றுதான்: எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள்.

எக்ஸ்சேஞ்சு ஒரு மாடிக் கூடம். ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரிக் காற்று வரும். பலகைக்கு முன் இரண்டு உயரமான நாற்காலிகள். ஒன்றில் நான், ஒன்றில் முனிரத்தினம். எங்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர் காதர் சாரின் மேஜை. பலகையில் எண்பது சின்னத் துளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பித்தளை இமை. சந்தாதாரர் தன் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய இமை 'டக்' என்று விழும். ஒரு கயிற்றை அந்தத் துளையில் செருகி "நம்பர்?" என்று கேட்க வேண்டும். அவர் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ஆமாம் என்ற பிறகுதான் ஜோடிக் கயிற்றை மற்றத் துளையில் செருகலாம். கயிற்றுக்குக் கீழே சாவி என்கிற ஒரு விசை. முன்னால் தள்ளினால் மணி அடிக்கும். பின்னால் இழுத்தால் அவர்கள் பேசுவது என் காதில் விழும். நடுவில் விட்டால் அவர்கள் பாடு, நான் வெளியே. இந்தச் சாவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதர் சார் கடற்கரைப் பக்கத்து வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடை வைத்திருக்க, அவர் ஒருவர்தான் சம்பள வேலை. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எங்களைப் போலவே அவருக்கும் தலையில் மாட்டுகிற ஒரு காதுக் கருவி உண்டு. எங்கள் இருவரில் யார் பேசுவதையும் எப்போது வேண்டுமானாலும் கேட்பார். எப்போது கேட்கிறார் என்று நமக்குத் தெரியாது. காதுக்குப் பின்னால் பென்சில். பென்சிலை எடுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அதைவிடப் பயமான சத்தத்தை நான் சர்வீஸில் கேட்டதில்லை.

அவர் போட்ட உள்ளூர் விதி ஒன்று பயிற்சிப் புத்தகத்தில் இல்லாதது. நம் பக்கத்துப் பேச்சில் ஒன்பது 'ஒம்பது', ஐம்பது 'அம்பது'. ஈரக் கம்பியில் இரண்டும் ஒன்றுதான். அதனால் அந்த இரண்டில் எது வந்தாலும் "அஞ்சு சைபரா, தனி ஒம்பதா?" என்று கேட்டே தீர வேண்டும். "இந்தப் பலகையில வேற எந்தத் தப்பு பண்ணாலும் மன்னிப்பு கீது. இதுல இல்ல" என்பார். ஒன்பது, டாக்டரம்மா வீடு. ஐம்பது, சவுக்கு விறகு விற்கிற தொட்டி.

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சேர்ந்த வருஷமே மனமகிழ் மன்றத்தில் நாடகம் போட்டார்கள். ஆபீஸ் நாடகத்தில் பெண் நடிக்க வரமாட்டாள். ஒல்லியாக, மீசை முளைக்காமல் இருந்த என்னைக் கதாநாயகியின் தங்கையாக்கினார்கள். வாடகைக்கு எடுத்த புடவை. வேறு யாருடைய வியர்வை வாசனையோ அதில் இருந்தது. கட்டிவிட்டார்கள். மூச்சு அடிவயிறு வரை இறங்கிற்று. அதற்கு முன் அத்தனை நாளும் நெஞ்சு மட்டத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கைதட்டல் பிரமாதம். காதர் சார்கூட "நல்லா பண்ணே" என்றார்.

மறுநாள் டீ வந்தது. டம்ளரை எடுத்தேன். எப்படி எடுத்தேனோ, முனிரத்தினம் பார்த்துவிட்டான். என்னைவிட நான்கு வயது மூத்தவன், அச்சரப்பாக்கத்துக்காரன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். நல்லவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இன்னா அம்மணி, நாடகம் முடிஞ்சி ஒரு ராத்திரி ஆயிடுச்சி. வேஷம் இன்னும் கலையலியா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலைக்குள் அம்மணி, 'ஒம்போது' ஆகிவிட்டது. 'ஒம்பது' என்றால் எண். அந்த 'போ'வைக் கொஞ்சம் இழுத்தால் வசவு. பலகையில் நான் "தனி ஒம்பது" என்று திருப்பிச் சொல்லும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வது மாதிரி, மெதுவாக ஒரு குரல் வரும்: "ஆஜர்!"

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கத்தரிப்பூ நிறத்தில், 'வாயில்' என்கிற மெல்லிய துணியில், ஒரு புடவை வாங்கினேன். அக்காவுக்கு என்றேன். எனக்கு அக்கா கிடையாது. காலை டியூட்டி முடிந்த மத்தியானங்களில், வாரத்துக்கு ஒருமுறை, வாடகை அறையின் கதவைத் தாழிட்டு, ஜன்னலை மூடி, அதைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். வேறொன்றும் செய்யமாட்டேன். இலாகாப் பரீட்சைக்குப் படிப்பேன். அந்தப் பரீட்சையில் நல்ல மார்க்கில் தேறினேன். கட்டுவது கஷ்டமில்லை, காயப்போடுவதுதான் கஷ்டம். தனியாக இருக்கிற ஆம்பிளை அறையில் ஆறு கஜம் ஈரப் புடவையை எங்கே உலர்த்துவது? மடித்துப் பாய்க்கு அடியில் வைப்பேன். ஈரம் மக்கிய வாடை வரும். படியில் வீட்டுக்காரர் செருப்புச் சத்தம் கேட்டால் அந்த வாடை அறை முழுக்கக் கூடுவது போலிருக்கும்.

இந்த வசவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். வாங்குகிறவனுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் படும். 'பொட்டை' என்றால் கோழிக்கும் சொல்வார்கள், குருட்டுக் கண்ணுக்கும் சொல்வார்கள். அது பாதி வழியில் சிதறிப் போகும். 'பொண்டுகன்' என்பதில் கொஞ்சம் செல்லம்கூட உண்டு. 'அலி' என்றால் நான் அது இல்லையே என்று மனசு உடனே வழக்காடும். நான் ஆண்தான், எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. புடவையில் மூச்சு சீராக வருகிறது, அவ்வளவே. ஆனால் அப்படி வழக்காடுவதே ஒரு அசிங்கம் என்று பிற்பாடுதான் புரிந்தது. நான் இல்லை என்றால், அப்படி இருக்கிறவர்களை அந்தச் சொல்லால் வையலாம் என்றுதானே அர்த்தம்? பஸ் நிலையத்தில் புடவை கட்டிக் கைதட்டி வந்த நாலு பேரைப் பார்த்து முனிரத்தினம் "ஒம்போது, ஒம்போது" என்று கூவியபோது எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னொரு தாழ்ப்பாள்.

ஆனால் 'ஒம்போது' தனி ரகம். வசவு என்றால் திருப்பி வையலாம், எண்ணை எப்படி வைவது? அது காலண்டரில் இருக்கிறது, கடிகாரத்தில் இருக்கிறது. எனக்கு அப்போது வயது பத்தொன்பது. யார் கேட்டாலும் "இருபது ஆகப்போவுது" என்பேன். எந்த மூலையிலிருந்து எப்போது கிளம்பும் என்று தெரியாத சொல் அது. அந்தச் சொல்லைத் தினமும் உரக்கச் சொல்வதற்கு நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அந்த எட்டுப் பெயர்கள். "ஒம்பது குடுப்பா" என்றால், "டாக்டரம்மா வூடுங்களா?" என்பேன். "பத்தொம்பது" என்றால், "சினிமாக் கொட்டாயா?" அசந்துபோனார்கள். 'இந்தப் பையனுக்கு ஊரே மனப்பாடம்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் நாற்பது வருஷம் சுற்றி, போன மாதம் என் வீட்டுக் கதவைத் தட்டிற்று.

ஒரு சந்தாதாரர் புகார் கொடுத்தார். தான் யாருக்குப் பேசுகிறார் என்பதை ஆபரேட்டர் பெயர் சொல்லிக் கூவுகிறான் என்று. காதர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"பேரு வேணாம் ஏகாம்பரம். நம்பரு. நம்பரத் திருப்பிச் சொல்லு. போதும்."

"சரிங்க சார்."

"இன்னா, மொகம் வெளுத்துப் போச்சி? பாராட்டறாங்கன்னு பழகிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். இது நடந்து பத்து நாள்கூட இருக்காது.

ஐப்பசி. மூன்று நாளாக விடாத மழை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, காதர் சார் மேஜையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். மகாபலிபுரம் தபாலாபீசின் இமை விழுந்தது. அங்கே பொதுமக்கள் பேசுவதற்கு இருந்தது அந்த ஒரு கருவிதான்.

"நம்பர்?"

"அம்மா! அம்மா, மாபலிபுரத்துலேந்து பேசறேன்மா..."

என் குரல் கம்பியில் பெண் குரலாகக் கேட்கும். வெளியூர்க்காரர்கள் பலரும் அம்மா என்பார்கள். நான் திருத்தியதில்லை. நாள் முழுக்க எனக்குக் கிடைக்கும் ஒரே சுகம் அது. அதை ஏன் கெடுத்துக்கொள்ள? ஆனால் இந்தக் குரல் என்னை நிமிர வைத்தது. மெல்லியது, உயரத்தில் நிறுத்தப் பழகியது. ஆணின் குரல், ஆனால் பெண்ணாகப் புழங்கும் ஆணின் குரல். எனக்கு அரை நொடியில் தெரிந்தது. தெரிந்ததுமே பயமும் வந்தது, யாரோ என் அறைக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

"சீக்கிரம் குடும்மா. ...ம்பது."

முதல் எழுத்தை மழை தின்றுவிட்டது. நான் கேட்க வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும்: அஞ்சு சைபரா, தனி ஒம்பதா? பக்கத்தில் முனிரத்தினத்துக்கு அழைப்பு எதுவும் இல்லை. ...ம்பது என்று எனக்கு விழுந்தது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டில் அந்த 'ஆஜர்' தயாராக இருந்தது.

அம்பதுதான் சொன்னார் என்று நான் முடிவு செய்தேன். கேட்டதனால் அல்ல, அப்படி இருந்தால் சௌகரியம் என்பதனால்.

"தரேன்" என்றேன். திருப்பிச் சொல்லவில்லை. விறகுத் தொட்டித் துளையில் கயிற்றைச் செருகி மணி அடித்தேன். சாவியைப் பின்னால் இழுத்தேன், எடுக்கிறார்களா என்று பார்க்க.

"ஹலோ, தொட்டி."

"டாக்டரம்மா கீறாங்களா? எங்க தங்கச்சி வள்ளிக்கு நேத்துலேந்து வலிங்க. கொழந்த கையி வெளியில வந்துட்சிங்க, மருத்துவச்சி கைய விரிச்சிட்டாங்க..."

"யார்ரா அது? ஆம்பளயா, பொம்பளயா?" தொட்டியில் எடுத்தவன் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டான். "டேய், இங்க வாங்கடா. ஒரு ஒம்போது டாக்டரம்மாவக் கேக்குது!"

'கேக்குது' என்றான். 'கேக்கறான்'கூட இல்லை. சிரிப்பு கேட்டது, ஐந்தாறு பேர் சிரிப்பு.

இந்த இடத்தை நான் பல வருஷம் பல விதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கம்பி சரியில்லை என்று. கை தவறிவிட்டது என்று. உண்மை இதுதான்: தவறான எண் என்று அந்தக் கணமே தெரிந்தது. ஒரு பெண் சாகக் கிடக்கிறாள் என்றும் தெரிந்தது. நான் வாயைத் திறந்து, "மன்னிக்கணும், இணைப்பு தப்பு" என்று சொல்லி மாற்றியிருந்தால் பத்து நொடி. ஆனால் அந்தச் சொல் என் காதுக்குள் இருந்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது போல உடம்பு குறுகிற்று. சாவியை நடுவில் தள்ளினேன். நான் வெளியே.

எவ்வளவு நேரம்? ஐந்து நிமிஷம் இருக்கும். இணைப்பு முடிந்து இமை விழுந்தது, கயிற்றை உருவினேன். மகாபலிபுரத்துக்கு நானே மணி அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். கம்பி செத்துவிட்டிருந்தது.

"இன்னா அங்க?" என்றார் காதர் சார், ஈரச் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டே.

"மாபலிபுரம் லைன் போச்சு சார்."

"மழ. வரும்."

அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் நான் அந்த ஒரு பித்தளை இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வீட்டுக்கு நானே பேசிச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. யார் சொன்னது, உனக்கு எப்படித் தெரியும், கேட்டுக்கொண்டா இருந்தாய், கேட்டும் ஏன் சும்மா இருந்தாய் என்று வரிசையாகக் கேள்வி வரும். தற்காலிக வேலை. அதைவிட, கடைசிக் கேள்விக்கான பதில் பாய்க்கு அடியில் மடித்து இருந்தது. அந்த அரை மணியும் நான் ஒரு கோழையாகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

இமை விழுந்தது.

"அம்மா, நீயா?" மூச்சு வாங்கியது அந்தக் குரலுக்கு. "தொட்டிக்காரனக் குடுத்துட்டியேம்மா. நான் ஒம்பது கேட்டேன், அவன் என்னையே ஒம்போதுன்னுட்டான்." அந்த நிலையிலும் ஒரு சிரிப்பு மாதிரி வந்து உடைந்தது. "டாக்டரம்மா வூடும்மா. ஒம்பது. ஒத்தையா ஒம்பது."

"தனி ஒம்பது" என்றேன். கூடத்தின் கடைசி வரை கேட்கிற மாதிரி.

"ஆஜர்" என்றான் முனிரத்தினம், பழக்கத்தில்.

பின்னால் பென்சில் எடுக்கும் சத்தம் கேட்டது. "யாருக்குய்யா ஆஜர்?" என்றார் காதர் சார். முனிரத்தினம் தன் கயிறுகளைச் சரிசெய்ய ஆரம்பித்தான். டாக்டரம்மா வீட்டில் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். சாவியை இழுத்தே வைத்திருந்தேன். விதிக்கு விரோதம்தான். டாக்டரம்மா "வரேன், வெந்நீர் வெச்சிருங்க" என்று சொல்லும் வரை விடவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவே காதர் சாரிடம் பேசினார். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டிச் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது, சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அரை மணி முன்னால் கிளம்பியிருந்தால் தண்ணீருக்கு முந்தியிருக்கலாம். முந்தியிருந்தாலும் குழந்தை பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. அந்த 'சொல்ல முடியாது' எனக்கு விடுதலையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இன்றுவரை அதற்குள்தான் இருக்கிறேன்.

காதர் சார் அழைப்புச் சீட்டுகளைப் பார்த்தார். ஒரே ஊர், முதலில் ஐம்பது, அரை மணி கழித்து ஒன்பது. எழுத்தில் விளக்கம் கேட்டார். நான் எழுதினேன்: 'கனமழையினால் கம்பியில் இரைச்சல். எண் சரியாகக் கேட்கவில்லை.'

நின்றபடியே படித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"கேக்கல. சரி. காதுல கேக்கலன்னா வாயால கேக்கணும்ல? அதுக்குத்தான் ரெண்டையும் சேத்து ஒரே பட்டையில கட்டித் தலையில மாட்டிக்கினு கீறோம்."

"தப்புதான் சார்."

"தப்புன்னு எனக்குத் தெரியும். ஏன்னு கேட்டேன்."

நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் ஈரக் கால் தடங்கள். பிறகு அவர் அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். எச்சரிக்கை என்று ஒரு வரி எழுதியதாகப் பிறகு தெரிந்தது. எவ்வளவு தெரியும் அவருக்கு? கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வார விடுமுறையில் மகாபலிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்க என்று சொன்னால் பொய்; யாராவது என்மேல் கோபப்பட்டால் தேவலை போலிருந்தது. தபாலாபீசில் விசாரித்தேன். "ஓ, அந்தப் பொட்டை கன்னியப்பனா? குப்பத்துல கருவாடு ஒணத்திக்கினு இருக்கும், பாரு" என்றார் அங்கிருந்தவர், தபாலில் முத்திரை குத்திக்கொண்டே.

மழைக்குப் பிறகு சுள்ளென்று வெயில். மணலில் வலை விரித்து, அதன்மேல் மீன் பரப்பியிருந்தது. கட்டம் போட்ட பழைய புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, காகம் ஓட்டியபடி ஒருவர். நாற்பது வயதுக்குப் பக்கம். மழித்த தாடை, கழுத்தில் கருப்புக் கயிறு, கையில் நாலு கண்ணாடி வளையல். பட்டப்பகலில், ஊர் நடுவில், புடவை. சுற்றிலும் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன்.

"கருவாடுங்களா?"

"ஒரு... ஒரு வீசை வேணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். காகத்தை விட்டுவிட்டார். என் சட்டை, பேண்ட், எண்ணெய் வழித்து வாரிய தலை எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தார்.

"இன்னொரு தபா பேசு."

நான் சட்டைப் பையில் சில்லறை தேடினேன்.

"டெலிபோன் அம்மா" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஓடிவிடலாம் என்றுகூடப் பார்த்தேன், பஸ் நிறுத்தம் அந்தச் சவுக்குத் தோப்புக்கு அப்பால்தான். கால் மணலில் புதைந்து நின்றது.

"மொதல் தபா ஏன் திருப்பிச் சொல்லல?" அதட்டிக் கேட்கவில்லை, விலை கேட்பது மாதிரி கேட்டார். "தபாலாபீசு ஐயரு சொன்னாரு, திருப்பிச் சொல்லுவாங்க, நீ ஆமான்னு சொல்லணும்னு. ஆமாங்கறதுக்கு நான் வாயத் தொறந்துகினே நிக்கறேன். நீ தரேன்னுட்டே."

"மழை. கம்பியில இரைச்சல்."

"கம்பி நல்லா இருந்திச்சி. நீ எச்சில முழுங்கின, அதுகூடக் கேட்டுச்சி எனக்கு." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்மா அந்த முழுங்கல். உன்னையும் அப்டிக் கூப்புடறாங்களா?"

என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை. "ஆமாம்" என்றேன். பிறகு, கேட்காததையும் சொன்னேன். "நான் கட்டறவன். கதவச் சாத்திக்கிட்டு. அந்தத் தொட்டிக்காரன் உங்களச் சொன்னதும் எனக்குக் கேட்டுச்சி. தப்பு நம்பர்னு தெரிஞ்சுது. சாவிய மூடிட்டேன்."

கடல் சத்தம் கேட்டது. காகங்கள் திரும்பி வந்து மீனில் உட்கார்ந்தன, அவர் ஓட்டவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம்.

"வூட்டாண்ட வராத" என்றார் கடைசியில். "வள்ளி இன்னும் பால் கட்டிக்கினு அழுவுறா. டெலிபோன்ல வந்த கொரலு எப்டின்னு அவகிட்ட பேசிக் காட்டிட்டேன், உன் கொரலக் கேட்டா அவளுக்கும் தெரிஞ்சிடும்."

"வரமாட்டேன்."

"எனக்கு மட்டும் எரியலன்னு நெனைக்கறியா? பொட்டைன்னா பழகிடுச்சி, பேரு மாரி. தாத்தா வெச்ச பேரே கன்னியப்பன், அதுல பாதி பொம்பளதான். இந்த ஒம்போதுதான் எரியும். மனுசனே இல்ல, கணக்கு மாரி. ஆனா ஒண்ணு. கூப்டா நான் திரும்பிடுவேன். திரும்பி அவன் மொகத்தப் பாத்துடுவேன். பாக்காம நடந்தா முதுகுல கல்லு வுழும். பாத்துட்டா, கல்ல எடுக்கற கையி கொஞ்சம் யோசிக்கும். எல்லா நாளும் இல்ல. சில நாளு." குனிந்து ஒரு கைப்பிடி கருவாட்டை அள்ளிக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தார். "போ. பஸ்ஸு போயிடும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் தாலுகா ஆபீஸ் இமை விழுந்தது. "ஒம்பது குடுப்பா." காதர் சார் மேஜையில் இருந்தார், காதுக் கருவி தலையில். முனிரத்தினம் பக்கத்தில்.

"தனி ஒம்பது" என்றேன். சொல்லிவிட்டு, தலையைத் திருப்பி முனிரத்தினத்தின் முகத்தை நேராகப் பார்த்தேன். அவன் வாய் திறந்தது. அதற்கு முன் நானே சொன்னேன்:

"ஆஜர்."

உரக்கத்தான். பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு முனிரத்தினத்தின் பக்கம் ஏதோ இமை விழுந்தது, அவன் அதற்குத் திரும்பிக்கொண்டான். என் கயிறு சரியான துளையில் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. கதவைத் தாழிட்டேன், புடவையைப் பாய்க்கு அடியில்தான் மடித்தேன், வசவுகளும் நிற்கவில்லை. சர்வீஸ் முடியும் வரை ஓர் எண்ணையும் திருப்பிச் சொல்லாமல் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். அதை யாரும் சாதனை என்று சொல்லமாட்டார்கள்.

மலர் முனிரத்தினத்துக்கும் போகும். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள். அச்சுக் கோர்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: என் கையெழுத்தில் ஒம்பதும் அம்பதும் ஒன்றுபோல இருக்கும். எங்கெங்கே ஒம்பது என்று இருக்கிறதோ, அங்கே நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். எனக்குப் போன் போட்டுக் கேளுங்கள், திருப்பிச் சொல்கிறேன்.